எல்லாரும் கன்ட்ரி கேட்ட வருடம்

அந்த வருடம் பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தபோதும் கூரையிலிருந்து கன்ட்ரி என்கிற அமெரிக்கக் கிராமத்துப் பாட்டுத்தான் வந்தது. மரக்கறிக் கடையில் அது, பெற்றோல் செட்டில் அது. நான் சமையல் வேலை செய்கிற கார்டரியில், அதாவது தாய் தகப்பன் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்தில், மூன்று வயதுக் குஞ்சுகள் மட்டையில் கௌபாய் தொப்பி வெட்டி ஒட்டிக்கொண்டு ஆடியதும் அதற்குத்தான். இத்தனை காலமும் வேறு விதமாகப் பாடிப் பேர் எடுத்த பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு கன்ட்ரி பாட இறங்கிவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். கன்ட்ரிக்கு இப்படி ஒரு வருடம் வந்ததே இல்லையாம். வந்தால் எனக்கென்ன என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் பாட்டில் வயலின் வருகிற இடம் வந்தால் கையில் இருக்கிறதை வைத்துவிட்டு நின்றுவிடுவேன். என் மகள் கன்ட்ரி வயலின் வாசிக்கிறவள். அவள் என்னோடு கதைத்து அப்போது நான்கு வருடம்.

கதைத்து என்றால், ஒரேயடியாகக் கதைக்காமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பனின் ஃபோனுக்கு எடுப்பாள். இருபது நிமிடம் இருவரும் சிரித்துக் கதைப்பார்கள். கடைசியில் இவர் ஃபோனை என் பக்கம் நீட்டுவார்.

"சுகமா இருக்கிறீங்களோ அம்மா?"

"இருக்கிறன். நீ?"

"ஓம், சுகம். சரி, வைக்கட்டே?"

அவ்வளவுதான். அரசாங்கக் கந்தோரில் படிவம் நிரப்புகிறவர்கள்கூட இதைவிடக் கூடக் கேட்பார்கள். ஃபோனை வைத்த பிறகு எனக்கு அழுகையும் வரும், கோபமும் வரும். கோபம்தான் முதலில் வரும். எனக்கு எப்போதும் அப்படித்தான்.

அந்த வருடம் ரேடியோவில் கேட்கிற வயலின் எல்லாம் அவளுடையதோ என்று எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. அவள் விரலை எனக்குத் தெரியும். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு அவள் தாவமாட்டாள், இழுத்துக்கொண்டு வழுக்கிப் போவாள். பத்து வருடம் கமகம் படித்த விரல் அது, எந்தப் பாட்டுக்குப் போனாலும் மாறாது. அப்படி ஒரு இழுப்புக் கேட்டால் போதும், "இஞ்ச வாங்கோ, இஞ்ச வாங்கோ, பிள்ளை மாதிரிக் கிடக்கு" என்று இவரைக் கூப்பிடுவேன்.

இவர் பொறுமைசாலி. வந்து நின்று கேட்பார். பிறகு தலையை ஆட்டுவார்.

"உது அமெரிக்காவில ஆரோ வாசிக்கிறது. எங்கட பிள்ளை ஒரு சின்னக் குழுவோட பழைய வான் வண்டிக்கை படுத்தெழும்பி ஊர் ஊராத் திரியுது. உமக்கென்ன விசரே?"

விசர்தான். பெற்ற பிள்ளை எங்கே படுத்தெழும்புகிறது என்று தெரியாமல் இருந்தால் யாருக்குத்தான் விசர் வராது?

அவளுக்கு ஆறு வயதில் வயலின் தொடங்கினோம். மொன்றியலுக்குப் பக்கத்தில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஆசிரியையின் வீடு. நிலக்கீழ் அறையில் பிள்ளைகள் வரிசையாக இருந்து வாசிக்க, சுவரோடு சாய்ந்து அம்மாமார் இருப்போம். சனிக்கிழமை காலை வெளியே பனி கொட்டினாலும் வகுப்புத் தப்பாது. பிள்ளைகள் கவனித்தார்களோ இல்லையோ, நாங்கள் கவனித்தோம். பத்து வருடத்தில் அந்தச் சுவரோரம் இருந்த அம்மாமார் எல்லாருக்கும் வயலின் தந்திக்குச் சுருதி சேர்க்கத் தெரியும். ச, ப, ச, ப. தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரைக்கும் அதே இரண்டு சுரம் இரண்டு தரம். என் மகளுக்குப் பன்னிரண்டு வயதாகும் வரைக்கும் அவளுடைய வயலினுக்கு நான்தான் சுருதி சேர்த்தேன். பிரடையை, அதுதான் தந்தியை முறுக்குகிற கட்டையை, திருகுவதற்குப் பலம் வேண்டும். சின்ன விரலுக்கு ஏலாது.

பதினாறு வயதில் அரங்கேற்றம் வைத்தோம். ஊரே வந்தது. அந்தப் படங்களை நான் இன்னும் சுவரிலிருந்து கழற்றவில்லை.

பிறகு சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் உள்ள கல்லூரிக்குப் போனாள். அங்கேதான் இந்தக் கன்ட்ரி தொற்றியது. கூடப் படித்த பிள்ளைகள் ஒரு குழு வைத்திருந்தார்களாம், வயலினுக்கு ஆள் இல்லையாம். ஒரு மாரிகாலத்தில் வீட்டுக்கு வந்தவள் நிலக்கீழ் அறையில் நின்றுகொண்டு வாசித்தாள். காலால் வேறு தாளம் தட்டினாள். தந்திகளை வேறு விதமாகச் சேர்த்திருந்தாள், வெள்ளைக்காரர் வைக்கிற மாதிரி. நான் படியில் நின்று பார்த்தேன்.

"என்னடி உது, குதிரைக்காரன்ர பாட்டு? உதுக்கோ பத்து வருசம் பனிக்குள்ளால உன்னைக் கூட்டிக்கொண்டு போனனான்?"

அவள் சிரித்தாள். அந்த நேரம் அவளுக்கு என்னைச் சமாளிக்கத் தெரிந்திருந்தது. "நல்லா இருக்கு அம்மா, கேட்டுப் பாருங்கோவன்" என்றாள். நான் கேட்கவில்லை. அப்படித்தான் இரண்டு மூன்று வருடம் போனது. அவள் கீழே வாசிப்பாள், நான் மேலே பாத்திரத்தை டமார் என்று வைப்பேன். கதவைச் சாத்துவேன். வருகிற போகிற சனத்துக்கு முன்னால் பகிடி பண்ணுவேன். என் வாய் என்னிடம் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை.

ஒரு நாள் அவள் ஓடி வந்தாள். நான் குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது.

"அம்மா, உங்களுக்கு ஒரு விசயம் தெரியுமோ? பழைய கன்ட்ரிக்காரரும் எங்களை மாதிரித்தான் தந்தி சேர்க்கிறவை. ச, ப, ச, ப. மெய்யா! நீங்கள் எனக்குச் சேர்த்துத் தந்ததையேதான் அவையளும் வைச்சிருக்கினம்."

"உதெல்லாம் கேக்க எனக்கு நேரமில்லை. அந்தக் கோப்பையை எடுத்துத் தா."

எடுத்துத் தந்துவிட்டுப் போய்விட்டாள். நான் கேட்காத மாதிரி நின்றேனே தவிர, அது எனக்குள்ளே இறங்கிவிட்டது. இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். எங்கேயோ மலைக்காட்டில் இருந்தவனும் ச-ப-ச-ப வைத்தானாமே. அப்படியென்றால் நான் பயந்த அளவுக்கு என் பிள்ளை தூரமாகப் போகவில்லைப்போல. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த புரட்டாசியில் அவளுக்கு ஒரு பெரிய குழுவிலிருந்து அழைப்பு வந்தது. கனடா முழுக்கச் சுற்றுகிற குழு. வயலினுக்கு ஆள் தெரிவு செய்கிறார்கள், டவுன்டவுனில் ஒரு ஸ்டூடியோவில், காலை பத்து மணிக்கு வந்து வாசித்துக் காட்ட வேண்டும். அவள் திகதியைச் சொன்னபோது நான் நாட்காட்டியைப் பார்த்தேன். விஜயதசமி. மூன்று நாள் வாயே திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

எங்கள் வீட்டில் சரஸ்வதி பூசைக்குப் புத்தகமும் வயலினும் சாமிக்கு முன்னால் வைக்கிற வழக்கம் ஒரு வருடமும் விட்டதில்லை. வைத்த பிறகு விடியும்வரை ஒருவரும் தொடுவதில்லை. விஜயதசமி காலையில்தான் எடுத்து வாசிப்பது. முதல் நாள், பூசையன்று பின்னேரம், அவள் வேலைக்குப் போயிருந்தாள். பெட்டியைத் திறந்தேன். வயலினைத் துடைத்தேன். தந்திகள் அந்த வெள்ளைக்காரச் சேர்க்கையில் இருந்தன. விரலால் தட்டிப் பார்த்துவிட்டு நினைத்தேன்: நாளைக்குப் பெரிய இடத்துக்குப் போகிறாள். அவளே சொன்னாளே, அவர்களுக்கும் ச-ப-ச-பதான் என்று. சாமிக்கு முன்னால் சுருதி சேராமல் ஒரு வாத்தியத்தை எப்படி வைப்பது? அம்மாவின் கையால் சேர்த்துக் கொடுப்போம்.

ஃபோனில் சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு, அவள் சின்னதில் வாசித்த அதே சுருதிக்கு நான்கு தந்தியையும் இறக்கிச் சேர்த்தேன். அரை மணித்தியாலம் எடுத்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு சேர்க்கிறேன், விரல் நொந்தது. சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், ஒரு செவ்வந்திப் பூ வைத்தேன். அது நான் அவளுக்குக் கொடுத்த சம்மதம். போ பிள்ளை, போய் வாசி என்று நான் சொன்னது அதுதான். வாயால் சொல்ல என் திமிர் விடவில்லை.

விடிய அவள் அவசரமாக எழும்பி, சாமியைக் கும்பிட்டு, வயலினைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு, "போட்டு வாறன் அம்மா" என்று பஸ்ஸுக்கு ஓடினாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று மனமார வேண்டிக்கொண்டேன். இதை யார் நம்புவார்கள் இனி?

பிறகு நடந்ததை இவர் அவளிடம் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். பஸ் பிந்தி, மெட்ரோவும் நடுவில் நின்று, அவள் உள்ளே போகவும் அவளுடைய முறை வரவும் சரியாக இருந்திருக்கிறது. பெட்டியைத் திறந்து வில்லை வைத்தால் நான்கு தந்தியும் தொய்ந்து கிடந்தன. குழுவினர் பார்த்துக்கொண்டு நிற்க, பதறிப் பதறி முறுக்கியிருக்கிறாள். மெல்லிய தந்தி அறுந்து கன்னத்தில் அடித்தது. மாற்றுத் தந்தி கையில் இல்லை, முன்னால் வாசித்தவர்கள் போய்விட்டதால் இரவல் வாங்க அங்கே வேறு வயலினும் இல்லை. மிச்சம் மூன்று தந்தியில் வாசித்தாளாம். "மெர்சி" என்று நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

பகல் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தாள். கன்னத்தில் ஒரு சிவப்புக் கோடு. நான் மோதகம் அவித்து வைத்துக்கொண்டு, கிடைத்ததோ என்று கேட்கத் துடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏனம்மா தந்தியெல்லாம் இறக்கினனீங்கள்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததைக் கேட்டாள்.

"வேணுமெண்டுதானே செய்தனீங்கள்? நான் போகக்கூடாதெண்டுதானே?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. அரை மணித்தியாலம் விரல் நோக இருந்து சேர்த்த எனக்கு இதுவா? என் பிள்ளை என்னை இப்படியா நினைத்து வைத்திருக்கிறாள்? இல்லை பிள்ளை, நீ சொன்னதை நினைத்து ஆசையாகச் சேர்த்தேன் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். எனக்கு எங்கிருந்து வந்ததோ, கொதித்துக்கொண்டு வந்தது.

"ஓம். வேணுமெண்டுதான் செய்தனான். இப்ப என்ன செய்யப் போறாய்?"

அவள் என்னைப் பார்த்தாள். மேலே போய் உடுப்பை அடுக்கினாள். ஒரு கூட்டாளிப் பிள்ளை கார் கொண்டு வந்தது. இவர் வேலையால் வந்தபோது அறை வெறுமையாக இருந்தது.

இவரிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. "பூசைக்கெண்டு பழக்கத்தில சேர்த்திட்டன், அவள் துள்ளிக்கொண்டு போட்டாள்" என்று மட்டும் சொன்னேன். இந்த நான்கு வருடமும் நான் ஒரே ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவள் சொன்னபடிதானே செய்தேன்? அவர்களுக்கும் அதுதானே சேர்க்கை? தந்தி தொய்ந்திருந்தால் அந்தப் பெட்டி குளிரில் பட்டுத் தொய்ந்திருக்கும், இவளுக்கு முறுக்கத் தெரியவில்லை, பழியை என்மேல் போடுகிறாள். நியாயம் என் பக்கம். அவள்தான் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்படிச் சொல்லிக்கொண்டு சாப்பிட்டேன், அப்படிச் சொல்லிக்கொண்டு படுத்தேன். அவளுடைய அறையின் படுக்கை விரிப்பை மட்டும் மாதம் ஒருதரம் தோய்த்துப் போடுவேன். ஒருவரும் படுக்காத கட்டிலுக்கு எதற்கு என்று இவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

பிறகு அந்தக் கன்ட்ரி வருடம் வந்தது. எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்களா? ஒரு அறுபதாவது பிறந்தநாளுக்குப் போனால், பட்டு வேட்டியோடு நிற்கிற அண்ணைமார் தலையில் கௌபாய் தொப்பி. டிஜே ஒரு கன்ட்ரியைப் போட, வரிசையாக நின்று முன்னுக்கும் பின்னுக்கும் குதித்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு பெண் என் முழங்கையை இடித்தாள்.

"அக்கா, உங்கட மகள் அப்பவே கண்டுபிடிச்சிட்டாள் பாருங்கோ. நாங்கள்தான் நிண்டு பகிடி பண்ணினது. அவளைக் கூப்பிட்டு ரெண்டு பாட்டு வாசிக்க விட்டிருக்கலாமே?"

"அவளுக்கு நேரமில்லை" என்று சொல்லிவிட்டு எழும்பிக் கழிவறைக்குப் போனேன். பட்டுச்சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். கோபம் வரவில்லை அன்று. கோபம் இல்லாமல் அழுகை மட்டும் வந்தது எனக்கே புதிது. எனக்கு அவள் வேண்டும். அவள் கீழே நின்று காலால் தட்டித் தட்டி வாசிக்க, நான் மேலே நின்று திட்ட வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

ஆனியில் ஒரு ஞாயிறு காலை. குசினியில் ரேடியோ போட்டிருந்தேன். இப்போதெல்லாம் நானாகவே கன்ட்ரி போடுகிற ரேடியோவைத்தான் போடுவேன். ஒரு வயதான வயலின்காரரைக் கூப்பிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நூறு வருடத்துக்கு முந்தி முதல்முதல் இசைத்தட்டில் ஏறிய கன்ட்ரியில் பாட்டே இல்லையாம், வெறும் வயலின்தானாம். நான் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். அந்தக் காலத்து ஆட்கள் தந்தியை எப்படிச் சேர்த்தார்கள் என்று கேட்டார்கள். அவர் ஒவ்வொரு தந்தியாகத் தட்டிக் காட்டினார். ச. ப. ச. ப. பார்த்தாயா என்று வாய்விட்டுச் சொன்னேன், தனியே நின்று.

அவர் நிறுத்தவில்லை. இது சில பழைய மெட்டுகளுக்கு மட்டும்தான் என்றார். மற்ற எல்லாவற்றுக்கும் வழமையான சேர்க்கைதான். அதோடு இதற்குத் தடித்த இரண்டு தந்தியையும் கொஞ்சம் ஏற்ற வேண்டும், மெல்லிய இரண்டையும் தொடவே கூடாது. மாறி வைத்துக்கொண்டு மேடையில் ஏறினால் வில்லைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று சொல்லிச் சிரித்தார்.

ஏற்ற வேண்டுமாம். நான் நான்கையும் இறக்கியிருந்தேன். கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டேன். குளிரும் இல்லை, பெட்டியும் இல்லை. நான்தான். என் கையால்தான் அவளுடைய தந்தி அறுந்தது. நான்கு வருடம் என்னைத் தூக்கி நிறுத்திய நியாயம் அப்படியே கழன்று விழுந்தது. இவர் கோப்பி எடுக்க வந்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். ச-ப-ச-ப என்று அவள் ஓடி வந்து சொன்னது, நான் ஆசையாகச் சேர்த்தது, அவள் கேட்டபோது என் வாயிலிருந்து வந்தது.

இவர் கதிரையை இழுத்து எனக்கு முன்னால் இருந்தார்.

"உதை ஏன் நாலு வருசம் வயித்துக்குள்ள வைச்சிருந்தனீர்? இண்டைக்கு எடுப்பாள். சொல்லும்."

எடுத்தாள். ஃபோன் என் பக்கம் வந்தது. "சுகமா இருக்கிறீங்களோ அம்மா?" என்றாள். "ஓம், இஞ்ச பார் பிள்ளை..." என்று தொடங்கினேன். "என்னம்மா?" என்றாள். அந்த "என்னம்மா"வில் ஒரு பயம் இருந்தது. நான் இன்னும் ஏதோ சண்டைக்குத்தான் வருகிறேன் என்று நினைத்திருப்பாள். "குளிருக்கு நல்ல உடுப்பாப் போடு" என்றேன். ஆனி மாதத்தில். இவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆவணியில் அவளுடைய குழு, அவள் கல்லூரிக்குப் போன அதே சென்ட்-ஆனில், கால்வாய்க் கரையில், ஒரு ஞாயிறு பின்னேரம் வாசிக்கிறது என்று இவர் சொன்னார். அன்றைக்கு மட்டும்தான் மொன்றியலில் நிற்பார்கள். "நான் போறன். நீர் வாறீரோ?" என்று கேட்டார். நான் அதற்குள் சேலை மாற்றப் போய்விட்டேன். போகிற வழியில் சென்ட்-ரெஜி வீதியில் முருகன் கோயில் வாசலில் காரை நிறுத்தச் சொன்னேன். உள்ளே போகவில்லை. காருக்குள் இருந்தபடியே, என் வாய்க்கு இன்றைக்கு ஒரு நாளாவது புத்தி கொடு என்று கும்பிட்டேன்.

கரை முழுக்கச் சனம். படகுகள் வரிசையாகக் கட்டியிருந்தன. ஐஸ்கிரீம் வைத்துக்கொண்டு தொப்பியோடு நின்றவர்களை விலக்கிக்கொண்டு போனோம். அவள் மேடையின் இடது பக்கத்தில் நின்றாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். மெலிந்திருந்தாள். பாட்டுக்கு நடுவில் மைக்கில் ஏதோ பிரெஞ்சில் வேகமாகச் சொன்னாள், சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு விளங்கவில்லை. பெற்றவள் நான், என் பிள்ளையைச் சனத்தோடு சனமாக நின்று அண்ணாந்து பார்க்கிறேன். என்ன நன்றாக வாசித்தாள்! அதே இழுப்பு, அதே வழுக்கல். ரேடியோவில் ஒருத்தனிடமும் அது இல்லை. நான் இத்தனை நாளும் ஏமாந்திருக்கிறேன்.

இடைவேளை விட்டார்கள். அவள் இறங்கி நேரே தகப்பனிடம் வந்து கட்டிப்பிடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "வந்தனீங்களோ?" என்றாள். தாடி வைத்த பாட்டுக்காரர் வந்து "பொன்ஜூர் மதாம்" என்றார். நானும் பொன்ஜூர் சொன்னேன். இவர் அந்த மனிதரைக் கதை கொடுத்துக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். நல்ல மனிதர் இவர்.

நான் மூச்சு விடாமல் சொன்னேன்.

"நான் வேணுமெண்டு செய்யேல்லைப் பிள்ளை. நீதானே சொன்னனீ, அவையளும் ச-ப-ச-பதான் வைக்கிறவை எண்டு. அதை நினைச்சுத்தான் சாமிக்கு முன்னால ஆசையாச் சேர்த்து வைச்சனான். நீ போகவேணும் எண்டுதான் சேர்த்தனான். அவையள் ஏத்துறவை, நான் இறக்கிப்போட்டன். எனக்குத் தெரியாது."

அவள் வில்லைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"நான் சொன்னதை நீங்கள் கேட்டனீங்களோ?"

"கேட்டனான்."

"அப்ப ஏன் ஓம் எண்டு சொன்னனீங்கள்?"

"நீ என்னை அப்பிடிக் கேட்டிட்டியே எண்ட கோவம்."

அவள் தண்ணீரைப் பார்த்தாள். ஒரு படகு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

"அம்மா, அண்டைக்கு நான் உடன போகேல்லை. சாமான் எல்லாம் காரில ஏத்திப்போட்டுத் திரும்பி வந்தனான். கதவுக்கு வெளியில நிண்டனான், கால் மணித்தியாலம் இருக்கும். நீங்கள் ஒருக்காக் கூப்பிடுவீங்கள் எண்டு நினைச்சன். கூப்பிட்டிருந்தா உள்ளுக்கு வந்திருப்பன். குசினிக்கை தண்ணி ஓடுற சத்தம் கேட்டது. ஆறுதலா நிண்டு பாத்திரம் கழுவுறீங்கள் எண்டு விளங்கிச்சு. அம்மாவுக்கு இது ஒண்டுமில்லை எண்டு நினைச்சுத்தான் போனனான்."

அன்றைக்கு நான் ஒரு பாத்திரமும் கழுவவில்லை. குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, தொட்டியைப் பிடித்துக்கொண்டு, நான் அழுகிறது அவளுக்குக் கேட்கக் கூடாது என்று அழுதுகொண்டிருந்தேன். ஒரு கதவுதான் நடுவில்.

"அழுதனான் பிள்ளை. தண்ணியைத் திறந்துவிட்டிட்டு அழுதனான்."

அவள் முகம் கோணியது. புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். மேடையிலிருந்து அவளைப் பிரெஞ்சில் கூப்பிட்டார்கள்.

"எனக்குப் போகவேணும் அம்மா."

"முடிய வீட்டை வாவன். சோறு கிடக்கு."

"ஏலாது. ஆறு மணிக்கு வான் வெளிக்கிடுது. நாளைக்கு வேற இடம்."

என் கையை ஒருதரம் அமத்திப் பிடித்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து அடி போயிருப்பாள். நான் கூப்பிட்டேன். வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லி, தொண்டை கிழிய, அந்தச் சனத்துக்கு நடுவில் நின்று கூப்பிட்டேன். தொப்பிக்காரர் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இவர் ஓடி வந்து என் தோளைப் பிடித்தார். அவள் நின்றாள். திரும்பி, கண்ணை இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"என்னம்மா?"

"கூப்பிட்டனான் பிள்ளை" என்றேன்.